ரதியின் சப்பாத்து

வளைவு வந்தால் ஜெயரூபன் தலையை வெளியே நீட்டி ஒரு "ஆ" விடுவான். அவனுடைய த்ரீவீலின் ஹார்ன் செத்து வெகுநாளாகிறது. மாற்ற அவன் நினைத்ததே இல்லை. மெல்லிசாகத் தொடங்கி ஊசிபோல உயர்ந்து அடுத்த வளைவுவரை போகும் அந்தச் சத்தத்துக்கு மாடு விலகும், தேயிலைக் கொழுந்து லொறி ஓரம் கட்டும். தெமோதரை ரயில் ஸ்டேஷனில் ஏறும் வெள்ளைக்காரர்கள் மட்டும், எந்தப் பெண் விழுந்து கிடக்கிறாள் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

தோள் உண்டு, மீசை உண்டு. பேசினால் ஆண் குரல், பாடினால் பெண் குரல். தோட்டத்தில் மாசியில் நடக்கும் காமன் கூத்தில் மீசையை வழித்துவிட்டு ரதி வேஷம் கட்டுகிறவன் அவன்தான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மதனை எரித்ததும் ரதி அழ வேண்டும். ஜெயரூபன் அழுதால், லயத்து வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு டீவி பார்ப்பவர்களும் வெளியே வந்துவிடுவார்கள். அதற்கான மரியாதை வருடம் முழுவதும் ஸ்டேஷனில் மற்ற த்ரீவீல்காரர்களிடம் கிடைக்கும்.

"என்னா ரதி, புருஷன் எந்திரிச்சிட்டாரா?"

"எந்திரிச்சிட்டாரு. ஒன்னயத்தான் தேடிக்கிட்டு இருக்காரு, எரிக்கிறதுக்கு."

பதில் கைவசம் இருக்கும். சொல்லிவிட்டு அவன் மட்டும் சிரிக்கமாட்டான்.

ஒருநாள் ஹயருக்கு ஆள் வரக் காத்திருந்தபோது போனில் ஒரு தடியனைப் பார்த்தான். தாடி, கறுப்புக் கோட்டு. வாயைத் திறந்தால் ரதியைவிட மேலே போகிறான். ஜெயரூபன் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். பாடுகிறவனை அல்ல, எதிரே உட்கார்ந்திருந்தவர்களை. ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்கு ஒபரா என்று பெயர் என்றும், ஆணின் அந்தக் குரலுக்கு அங்கே வேலை இருக்கிறது என்றும் பதுளையில் பியானோ சொல்லிக்கொடுக்கும் றொஷேல் மிஸ் சொன்னார். இவன் அவரைச் சந்தைக்கும் சேர்ச்சுக்கும் ஏற்றி இறக்கினான். அவர் இவனுக்கு மூச்சை அடக்கவும் இத்தாலி மொழியில் அழவும் சொல்லிக்கொடுத்தார். பாடி அனுப்பியதைக் கேட்டுவிட்டு ஜெர்மனியில் ஒரு சங்கீதப் பள்ளி வரச்சொல்லிவிட்டது.

"அங்க ராசா வேஷத்துக்கே இந்தக் கொரல்தான்" என்று வீட்டில் விளக்கினான். "கொரல் தடிச்சவனெல்லாம் வாசல்ல ஈட்டி புடிச்சிக்கிட்டு நிப்பான்."

மனைவி நிஷாந்தினி ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள். "அப்ப இனிமே எஞ் சேலய எடுக்க மாட்டீங்க?"

அன்றிலிருந்து தொண்டை ஒரு கைக்குழந்தையாகிவிட்டது. ஐஸ் இல்லை, மிளகாய் இல்லை, கத்திக் கூப்பிடுவது இல்லை. பக்கத்துக் காம்பரா வீட்டுக்கும் போனில்தான் செய்தி போகும். பஸ் புழுதி கிளப்பினால் வண்டியை நிறுத்தி, மூக்கையும் வாயையும் துண்டால் பொத்திக்கொண்டு, அது அடங்கும்வரை பயணியையும் காக்கவைப்பான். "ஒரு தூசி போதுங்க. ஒரு மாசம் போயிரும்." சீட்டுக்கடியில் பிளாஸ்க், அதில் சுடுதண்ணீர்.

இந்த மாசியில் பிறை கண்டதும் கூத்துக்குக் கம்பம் நட்டார்கள். வேஷக்காரர்களின் கையில் காப்பு நூல் கட்டினார்கள். கட்டிக்கொண்டவன், எரிந்த மதன் மூன்றாம் நாள் உயிரோடு எழும்வரை தோட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. விசாவுக்குப் பங்குனியில்தான் கூப்பிடுவார்கள் என்று நம்பி ஜெயரூபனும் கையை நீட்டினான். மறுநாள் போனில் செய்தி வந்தது. கொழும்பில் நேர்முகம். மதன் எரிவதற்கும் எழுவதற்கும் இடைப்பட்ட நாளில். அதைத் தவறவிட்டால் அடுத்த தேதி கிடைப்பதற்குள் பள்ளி தொடங்கிவிடும், இடமும் போய்விடும்.

நூலை அறுத்துப் போட்டுவிட்டு வா என்றார் றொஷேல் மிஸ்.

"எரியப் போறது எம் புருஷன், மிஸ்" என்று சொல்லி அவன் போனை வைத்துவிட்டான்.

கூத்துக் கமிட்டித் தலைவர் வீரய்யாவும் கையை விரித்தார். "எல்ல தாண்டினா மதன் எந்திரிக்க மாட்டாருப்பா. ஒருக்கா ஒருத்தன் காப்போட பதுளைக்கு கிரிக்கெட் மெச் பாக்கப் போனான். அந்த வருசம் கொளவி வந்து, காலைல வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுக் களத்தையே கலைச்சிருச்சி."

"அது எவனோ கூட்டுல கல்ல எறிஞ்சதால வந்திச்சி, தலைவரே."

"எறிஞ்சது யாரு? மெச் பாக்கப் போனவன் தம்பி." வீரய்யா வெற்றிலையைத் துப்பினார். "அப்பிடி என்னாதான் பாட்டு அது?"

"நம்ம கூத்து மாதிரித்தான். சாகுறவன் பாடிக்கிட்டே சாவான். லேசுல சாக மாட்டான்."

"அப்ப இங்கயே அழ வேண்டியதுதானே?"

கம்பத்தடியில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெயரூபன் காப்பைத் திருகிக்கொண்டு நின்றான்.

வழி சொன்னவள் நிஷாந்தினி. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்திருந்த அவசரம் குரலில் இருந்தது. "எல்லையத்தானே தாண்டக் கூடாது? எல்லைய அவரு கூடவே அனுப்பி வைங்க."

வீரய்யா இரண்டாவது வெற்றிலை முடியும்வரை யோசித்தார். பிறகு கம்பத்தடி மண்ணை அள்ளி ஜெயரூபனின் புதுச் சப்பாத்துகளுக்குள் போட்டார். "கால் இதுக்குள்ள இருக்கிறவரைக்கும் நீ தோட்டத்துலதான் இருக்க. கழட்டிறாத."

மதன் எரிந்தான், ரதி அழுதாள். அழுத கையோடு முகத்துச் சாயத்தைக் கழுவிக்கொண்டு கொழும்பு பஸ் ஏறப் புறப்பட்டபோது நிஷாந்தினி பிளாஸ்கை நீட்டினாள். "பாட்டுக்காரன்னா யாரு நம்புவா? பாடிக் காட்டச் சொல்லுவாங்க. தொண்டையப் பாத்துக்குங்க."

வழி நெடுக வாயில் துண்டு, காலில் தோட்டம். விசா அலுவலக வாசலில் பிளாஸ்கை வாங்கி வைத்துக்கொண்டார்கள். காவலாளி முஸ்தாக் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். படத்தில் மீசை இருந்தது. எதிரில் இருந்த முகத்தில் மை தீட்டிய கண்களும் மழித்த மேலுதடும்தான் இருந்தன.

"சப்பாத்தக் கழட்டுங்க தம்பி."

"கழட்ட முடியாதுங்க."

"காலுல புண்ணா?"

"மண்ணு."

முஸ்தாக் குனிந்து பார்த்தார். அவருடைய வேலைக் காலத்தில் பலதும் பார்த்திருப்பார், இது புதிது போலிருக்கிறது. "மண்ண வாளியில கொட்டிட்டு, சப்பாத்த மெசினுல வெச்சிட்டுப் போங்க. இல்லாட்டி உள்ள போக ஏலா."

உள்ளே அவனுடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். இன்னொரு முறையும் கூப்பிட்டார்கள்.

ஜெயரூபன் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தான். காலை எடுக்கவில்லை. கணுக்கால் ஓரமாக விரலை நுழைத்து ஒரு சிட்டிகை மண்ணை வழித்து எடுத்தான். வாயைப் பொத்தியிருந்த துண்டை விலக்கி, அதை நாக்கில் வைத்தான். தொண்டைக் குழி ஒருமுறை ஏறி இறங்கியது, தோட்டம் உள்ளே போயிற்று. கண்ணில் நீர் முட்டியது.

பிறகுதான் காலை வெளியே எடுத்தான்.