குடவாசல் பக்கம் ஒரு வீடு மேலே போகிறது

புரட்டாசி கடைசி வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, விடிகாலை ஐந்தரை மணிக்குக் கொல்லிமலை செம்மேட்டில் பஸ் ஏறினேன். கீழே இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பதினெட்டு வருடமாக இந்த மலையில் வாத்தியார் வேலை பார்க்கிறேன். என் வயிறு மட்டும் இன்னும் வேலையில் சேரவில்லை. நாற்பதாவது வளைவில் கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் ஓர சீட்டுக்கு மாற்றிவிட்டார்.

பயணத்துக்குக் காரணம் அக்கா வசந்தாவின் போன். நான் வேலைக்காக மலை ஏறியவன். அவள் கல்யாணமாகி டெல்டாவுக்கு இறங்கியவள். குடவாசலிலிருந்து நாலு கிலோமீட்டரில் அவள் ஊர்.

"வீட்டை ஜாக்கி வச்சு அஞ்சடி தூக்கப் போறாங்கடா. நீ மலையில இருக்கறவன், உசரத்தப் பத்தித் தெரிஞ்சவன். வந்து கூட நில்லு" என்றாள்.

மலையில் உயரத்தைப் பற்றி நாங்கள் யாரும் யோசிப்பதில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் எங்கள் ஊரில் உடைந்த ஓட்டை மாற்றுவோம், தகரக் கொட்டகை பறந்துவிடாமல் மேலே கல்லைத் தூக்கி வைப்போம், வீட்டுப் பின்சுவருக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் வெட்டுவோம். மேலேயிருந்து வரும் தண்ணீர் அந்த வாய்க்கால் வழியாக என் வீட்டைச் சுற்றிக்கொண்டு கீழ்வீட்டுக்காரரின் பின்பக்கம் போய்விடும். அவரும் தனக்குக் கீழே இருப்பவரைக் குறிபார்த்து வெட்டியிருப்பார். யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. எல்லாருக்கும் கீழே ஒருவர் இருக்கிறார்.

டெல்டாவில் அந்த வசதி கிடையாது. தண்ணீர் வரும், வந்த பிறகு எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும். அக்கா வீட்டுக்கு முன்னால் இருக்கும் ரோட்டைப் போடும்போதெல்லாம் பழைய ரோட்டுக்கு மேலேயே போட்டுப் போட்டு, இப்போது ரோடு வீட்டுத் தரையைவிட ஒன்றரை அடி உயரம். போன மழையில் முழங்கால் தண்ணீருக்குள் அடுப்பை மேஜைமேல் தூக்கி வைத்துச் சமைத்திருக்கிறாள். இன்னொரு தடவை தண்ணீர் உள்ளே வந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னையில் மகனின் ஃபிளாட்டுக்கே போய்விடுவது என்று முடிவு. மகன் அறையைக்கூடப் பெயின்ட் அடித்து வைத்துவிட்டான்.

நாமக்கல், திருச்சி தாண்டித் தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டில் மதியம் பன்னிரண்டரை. சாப்பிட்டுவிட்டுக் கும்பகோணம். அங்கிருந்து குடவாசல் பஸ்; இருபது கிலோமீட்டர் சொச்சத்துக்குப் பதினெட்டு ரூபாய். குறுவை அறுப்பு முடிந்து ஈர நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். ரோட்டில் பாதி நெல்லுக்கு, மீதி பஸ்ஸுக்கு. நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"அக்கா, எனக்கும் கொஞ்சம் ரோடு விடுங்க."

"ஒனக்கு விட்டதுலதான் நீ வந்துகிட்டு இருக்க. பேசாம போ."

டிரைவர் பேசாமல் போனார். மலையில் காட்டெருமைக்கு வழிவிடும் மரியாதை இங்கே நெல்லுக்குக் கிடைப்பதைக் குறித்துக்கொண்டேன்.

மாலை நாலு மணிக்கு ஆட்டோவிலிருந்து இறங்கி, ரோட்டிலிருந்து அக்கா வீட்டுக்குள் மறுபடியும் இறங்கினேன். வாசலைச் சுற்றிப் பள்ளம் தோண்டியிருந்தது. பள்ளத்துக்கு வெளியே ஜாக்கிகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. வேலையாட்கள் மாமரத்தடியில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை நின்றுபோயிருந்தது.

காரணம் பொதுச் சுவர். அத்தான் கலியபெருமாளின் வீடும் அவருடைய சித்தப்பா மகன் தெட்சிணாமூர்த்தியின் வீடும் ஒட்டிப் பிறந்தவை. கிழக்கே அவர், மேற்கே அத்தான், நடுவில் ஒரே சுவர். இரண்டு வீட்டுக் கூரையும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒன்றைத் தூக்கினால் மற்றது கிழிந்துவிடும். தெட்சிணாமூர்த்தி வீட்டிலும் மழைக்குத் தண்ணீர் வரத்தான் செய்கிறது. தூக்கவேண்டும் என்று அவருக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு பேருக்கும் வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை.

"அவன் பொண்ணு கல்யாணத்துக்கு எனக்கு வாட்ஸ்அப்ல பத்திரிகை அனுப்புனான் மாப்ள" என்றார் அத்தான். "நடுவுல ஒரு சுவரு. இந்தப் பக்கம் வந்து வெத்தலை பாக்கு வச்சுக் கூப்புட அவனுக்குக் கால் வரல."

வீடு தூக்கும் மேஸ்திரி சௌந்தர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் இருந்தார். அடக்கம் என்பது அவருடைய தொழிலில் சேராத சரக்கு. "நான் தேர் நிக்கிற மண்டபத்தையே தூக்கி வச்சவன் சார். வீடு பிரச்னை இல்ல. இந்த ரெண்டு பேரத்தான் எந்த ஜாக்கியாலயும் நகத்த முடியல. நாளைக்குக் காலைல முடிவு சொல்லலன்னா லாரில ஏத்திகிட்டு மன்னார்குடி வேலைக்குப் போயிடுவேன். அப்புறம் நான் திரும்பி வர்றது தை மாசந்தான்."

தை மாதம் என்றால் மழை வந்து, வீட்டுக்குள் புகுந்து, வடிந்து, அக்கா சென்னைக்குப் போயிருப்பாள்.

தூது போக வெளியூர்க்காரன் ஒருவன் தேவைப்பட்டான். நான் மலையிலிருந்து எதற்கு வரவழைக்கப்பட்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது. தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழத்துடன் பக்கத்து வீட்டுக்குள் இறங்கினேன். தெட்சிணாமூர்த்தி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க மச்சான். மலையெல்லாம் எப்படி இருக்கு? காபி சாப்புடுங்க. தட்டு யாரு குடுத்தது?"

"அத்தான்தான். வீட்டைத் தூக்கறதுக்கு உங்களையும் முறையா அழைச்சுட்டு வரச் சொன்னாரு."

"அவருக்குக் கால்ல என்ன?"

"கால்ல ஒண்ணும் இல்ல."

"அப்ப நேர்ல வரட்டும். அந்தப் பத்திரிகைய நான் அனுப்பல மச்சான். எம் பொண்ணு போன்ல இருக்கற எல்லாருக்கும் ஒரே அமுக்கா அமுக்கிட்டா. நேர்ல வர்றதுக்கு வெத்தலை வாங்கி நான் ஈரத் துணியில சுத்தி வச்சிருந்தேன். அதுக்குள்ள அவரு கதவச் சாத்திகிட்டாரு."

பொதுச் சுவரின் மறுபக்கத்திலிருந்து அத்தானின் குரல் தெளிவாகக் கேட்டது. "மாப்ள, ரெண்டு நாள் கதவு திறந்துதான் கெடந்துச்சுன்னு சொல்லு."

"கதவு திறந்திருந்துச்சு, முகம் சாத்தியிருந்துச்சுன்னு சொல்லுங்க மச்சான்."

நான் எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. சுவர் எனக்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தது. காபியைக் குடித்துவிட்டு, ஒரு வாழைப்பழம் குறைந்த தட்டோடு திரும்பி வந்தேன். அந்தப் பழத்தைச் சாப்பிட்டது நான்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. வானம் கிழக்கே கறுத்திருந்தது. லாரியில் ஜாக்கி ஏறும் சத்தம் கேட்டு எழுந்தேன். அத்தான் பல் தேய்ப்பதுபோல வாசலில் நின்றார். பக்கத்து வாசலில் தெட்சிணாமூர்த்தியும் பல் தேய்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேர் வாயிலும் நுரை வற்றி வெகு நேரமாகியிருந்தது.

அப்போது கொல்லைப் பக்கத்திலிருந்து அக்காவும் தெட்சிணாமூர்த்தியின் மனைவி சரோஜாவும் சேர்ந்து வந்தார்கள். ஆளுக்கொரு தாம்பாளம். கொல்லையில் இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலியே கிடையாது, இத்தனை வருடமும் குழம்பும் ரசமும் அந்த வழியாகப் போய்வந்துகொண்டுதான் இருந்தன என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் நாள் ராத்திரி நான் ரசித்துச் சாப்பிட்ட வத்தக்குழம்பு சரோஜா வைத்ததாம். அத்தானும் அதைத்தான் இரண்டு தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தார்.

அக்கா தாம்பாளத்தை மேஸ்திரியிடம் நீட்டினாள்.

"எடுத்துக்குங்க தம்பி. ரெண்டு வீட்டையும் சேத்துத் தூக்குங்க. செலவு பாதிப் பாதி."

"ஆம்பளைங்க ஒண்ணும் சொல்லலயேம்மா" என்றார் சௌந்தர்.

"தூக்க வேண்டியது வீட்டத்தானே" என்றாள் சரோஜா. "இவங்க வேணும்னா கீழயே நிக்கட்டும்."

சௌந்தர் இரண்டு தாம்பாளத்திலிருந்தும் வெற்றிலையை எடுத்துக்கொண்டார். ஜாக்கிகள் லாரியிலிருந்து இறங்கின. அத்தான் என்னைப் பார்த்தார். நான் மாமரத்தைப் பார்த்தேன்.

இரண்டு நாள் லீவில் வந்தவன், வயிற்றுக் கோளாறு என்று தலைமையாசிரியருக்குப் போன் செய்து லீவை நீட்டினேன். கொண்டை ஊசி வளைவுகளை அறிந்தவர், உடனே நம்பினார்.

வேலை நடக்கும் விதம் இது. சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி. ஒவ்வொரு ஜாக்கிக்கும் கம்பி பிடித்து ஓர் ஆள். மேஸ்திரி விசில் ஊதினால் எல்லாரும் ஒரே சமயத்தில் ஒரு சுற்று சுற்றவேண்டும். வீடு முனகிக்கொண்டு மயிரிழை அளவு மேலே போகும். வீட்டுக்காரர்கள் உள்ளேயே இருந்துகொண்டு சமைக்கிறார்கள், துவைக்கிறார்கள், டிவி பார்க்கிறார்கள். நான் கூடத்தில் பாயில் படுத்துப் பேப்பர் படித்தபடியே தினமும் சில அங்குலம் உயர்ந்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு ஒழுங்கான முன்னேற்றம் இதற்கு முன் வாய்த்ததில்லை.

பெண்கள் வேலையை ஆரம்பித்து வைத்துவிட்டதால், ஆண்களுக்கு மேற்பார்வைதான் மிச்சம். அத்தானின் கவலை ஒன்றே ஒன்று: தெட்சிணாமூர்த்தியின் தரை தன் தரையைவிட உயர்ந்துவிடக் கூடாது. தெட்சிணாமூர்த்திக்கும் அதே கவலை, மறுபக்கமாக. இருவரும் ஆளுக்கொரு ரசமட்டம் வாங்கி வந்து, விசிலுக்கு விசில் தரையில் வைத்துக் குனிந்து பார்த்தார்கள்.

"மேஸ்திரி, கெழக்க ஒரு நூல் ஏறியிருக்கு."

"மேற்கதான் மேஸ்திரி ஏறியிருக்கு. அவரு வச்சிருக்கற மட்டம் அவர மாதிரியே கோணல்."

"சுவரு ஒண்ணுதானே சார்" என்று சௌந்தர் நொந்துபோனார். "இதுல ஒருத்தர மட்டும் எப்படிங்க நான் ஒசத்துவேன்?"

இப்படி அளந்து அளந்து ஒரு நூல்கூடப் பிசகாமல் ஐந்தடி ஏறி முடிந்தது, ஐப்பசி பிறந்து சில நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை மத்தியானம். அடியில் செங்கல் கட்டிச் சுவரை நிறுத்தியாகிவிட்டது. ஜாக்கிகளை உருவியாகிவிட்டது. மேஸ்திரி ஒரு சுற்று நடந்து, தன் வேலையைத் தானே பாராட்டிக்கொண்டு லாரியில் ஏறிப் போய்விட்டார். மூன்று மணிக்கு மழை பிடித்தது.

அப்போதுதான் அக்கா வாசலுக்கு வந்து கீழே பார்த்தாள்.

"ஏங்க, படி எங்க?"

படி இல்லை. வீடு ரோட்டுக்கு மேலே மூன்றரை அடியில் நின்றது. நடுவில் தோண்டிய பள்ளம், அதில் சேறு. அதுவரை ஓரமாக அடுக்கியிருந்த செங்கல்மேல் கால் வைத்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். அந்தச் செங்கல்லும் கடைசி வரிசைச் சுவருக்குள் போய்விட்டிருந்தது. யார் உசரம் என்று பார்த்துக்கொண்டிருந்ததில், எப்படி இறங்குவது என்று இரண்டு வீட்டிலும் ஒருவரும் யோசிக்கவில்லை. மலையிலிருந்து வரவழைக்கப்பட்ட உயர நிபுணனையும் சேர்த்துத்தான்.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இருந்தது ஒரே மூங்கில் ஏணி. அது தெட்சிணாமூர்த்தியுடையது, அவர் வாசலில் சாத்தியிருந்தது. மழை கொட்டியது. அத்தானின் மாடு ரோட்டோரத்தில் நனைந்துகொண்டு கத்தியது. அத்தான் வாசல் விளிம்பில் கொஞ்ச நேரம் நின்றார். தொண்டையைச் செருமினார். சுவரைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், நேராகப் பக்கத்து வாசலைப் பார்த்துச் சொன்னார்.

"தெட்சிணா, ஏணியக் கொஞ்சம் இப்படித் தள்ளிப் போடு."

பக்கத்து வாசலில் தெட்சிணாமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அண்ணே, வழுக்கும். நீங்க எறங்க வேணாம். மாட்ட நான் அவுத்தாரேன்."

"ஒன்னைய முட்டும்டா அது."

"அதுக்கு என்னையத் தெரியும். நீங்கதான பேசல."

விடிய விடிய மழை. செவ்வாய்க்கிழமை காலை தெருவெல்லாம் தண்ணீர். எங்களுக்குக் கீழே செருப்பு ஒன்று, தேங்காய் மட்டை ஒன்று, யாருடையதோ ஒரு பிளாஸ்டிக் குடம் எல்லாம் மிதந்து போயின. கூடம் காய்ந்து கிடந்தது. அக்கா வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கீழே தண்ணீர் போவதை டிவி பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே காபி குடித்தாள். மகன் சென்னையிலிருந்து போன் செய்தான்.

"மழைன்னு நியூஸ்ல சொல்றான். எப்பம்மா கெளம்பி வர்றீங்க?"

"எப்படிடா வர்றது? கீழ எறங்கவே வழி இல்ல" என்றாள் அக்கா. இவ்வளவு சந்தோஷமாக அவள் ஒரு வசதிக் குறைவைச் சொல்லி நான் கேட்டதில்லை.

புதன்கிழமை தண்ணீர் வடிந்ததும் கிளம்பினேன். ஏணி இப்போது நடுவில், பொதுச் சுவர் முடியும் இடத்தில் சாத்தியிருந்தது. ஒரு காலை அத்தான் பிடித்துக்கொண்டார், மறு காலைத் தெட்சிணாமூர்த்தி. நான் இறங்கி முடிப்பதற்குள், கட்டப்போகிற படியைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. ரோட்டைப் பார்த்து இறக்க இடமில்லை. பஸ் வந்து படியில் ஏறிவிடும். பக்கவாட்டில்தான் இறக்கவேண்டும். கிழக்கே இறக்கினால் தெட்சிணாமூர்த்தியின் ஜன்னல் மறையும். மேற்கே இறக்கினால் அத்தானின் ஜன்னல்.

"கெழக்கதான்டா வாஸ்து."

"வாஸ்துவ ஒங்க ஜன்னல்ல வச்சுக்குங்களேன் அண்ணே."

தெரு முனையில் ஆட்டோ ஏறும் வரை குரல் கேட்டது. பொங்கலுக்குள் முடிவாகும் என்று தோன்றவில்லை.

இரவு எட்டரை மணிக்குச் செம்மேட்டில் இறங்கினேன். ரோட்டிலிருந்து என் வீட்டுக்கு நாற்பத்தோரு படி. அவற்றைக் கட்டும்போது நான் யாரையும் கேட்கவில்லை, யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று பாறையே சொல்லிவிட்டது. மேல்வீட்டுக்காரருக்கு என் கூரை தெரியும், எனக்குக் கீழ்வீட்டுக்காரரின் கூரை தெரியும். முகங்களை எப்போதாவதுதான் பார்த்துக்கொள்கிறோம். பின்சுவருக்குப் பின்னால் வாய்க்கால் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அதைத் தூர்வாரப் போனவன், முதன்முறையாகக் கீழ்வீட்டு மாரியப்பனைக் கூப்பிட்டு, தண்ணீர் அவர் பக்கம் வருவதில் ஆட்சேபணை ஏதும் உண்டா என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் சார், ஊர்ல யாருகூடயாவது சண்டையா?"