வல்லை வெளியில் ஒரு சென்சர்

மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, திங்களும் வியாழனும் அவளை உடுப்பிட்டியிலிருந்து யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் சுத்திகரித்துக் கூட்டிவர வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த வாகனம் என்னுடைய கார் ஒன்றுதான். ஐம்பது வயதில் சிலருக்குச் சிவதீட்சை எடுக்கத் தோன்றும். எனக்குக் காரில் வேகம் கூட்ட டேர்போ பூட்டத் தோன்றியிருந்தது.

பூட்டி முடுக்கிவிட்டவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கராஜ் வைத்திருக்கும் அண்ணை. எஞ்சின் சூடேறி உருகிவிடக் கூடாதென்று தேவைக்கு மேலேயே பெற்றோல் விட்டிருந்தார். எரியாத பெற்றோலின் மணம் கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வரும். எனக்கு அது வாசனை. அவளுக்கோ ஆவரங்கால் தாண்டுவதற்குள் குமட்டிச் சத்தி வந்துவிடும். மடியில் எப்போதும் ஒரு பொலித்தீன் பை இருக்கும். ஓட்டோவில் கொண்டுபோய்ப் பார்த்தேன். குலுக்கத்தில் இன்னும் மோசம்.

ஒரு வியாழக்கிழமை அவள் உடுப்பு மாற்றாமல் கட்டிலிலேயே இருந்தாள்.

"இண்டைக்கு நான் வரேல்லை."

"ஏனப்பா?"

"அங்கை ஊசி குத்துறது பரவாயில்லை. போற வழிதான் ஏலாது."

ஒரு முறை தவறினால் கால் வீங்கும், இரண்டு முறை தவறினால் மூச்சு முட்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அன்று தவறியது. எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிற நான் அன்று அதை விட்டுவிட்டுக் கராஜுக்கு ஓடினேன்.

"பெற்றோலைக் குறையுங்கோ அண்ணை."

"கண்ணை மூடிக்கொண்டு குறைச்சா பிஸ்ரன் ஓட்டையாகும். வைட்பாண்ட் ஒட்சிசன் சென்சர் ஒண்டு பூட்டுவம். எரிஞ்சு வாற புகையிலை எவ்வளவு ஒட்சிசன் மிச்சமெண்டு அது சொல்லும். அதைப் பாத்துப் பாத்துக் குறைக்கலாம்."

புகைக் குழாயில் துளை போட்டு, சென்சரை முறுக்க ஒரு நட்டும் ஒட்டித் தந்தார். மிச்சத்தை நானே செய்கிறேன் என்று வீரம் பேசி வீட்டுக்கு வந்தேன். பூட்டுவதற்கு முன் சென்சருக்கு மின்சாரம் கொடுத்துச் சுத்தமான காற்றில் ஒரு முறை பிடித்து, அதோடு வந்த மீற்றரின் பொத்தானை அமத்த வேண்டும். வெறும் காற்று இப்படித்தான் இருக்கும் என்று அது பழகிக்கொண்டால்தான் பிறகு புகையைச் சரியாக அளக்கும். பெட்டியில் இருந்த இந்தக் குறிப்பை மனைவிக்கு உரத்து வாசித்தும் காட்டினேன்.

வாகனத்துக்குப் புதிதாக எது வந்தாலும் கற்பூரம் காட்டாமல் எங்கள் வீட்டில் பூட்டுவதில்லை. நான் பயந்தவன் என்பதால் சாம்பிராணியும் போட்டேன். நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தேன். சென்சருக்கு வீபூதி பூச வெளிக்கிட்டபோது மட்டும் அவள் தடுத்தாள். புகையில் கண் கரிக்க, சென்சரைச் சாம்பிராணிச் சட்டிக்கு மேலே பக்தியோடு பிடித்தபடி பொத்தானை அமத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. அருள் கிடைத்துவிட்டதென்று நினைத்தேன்.

பிறகு மூன்று நாள், அண்ணை காட்டித் தந்தபடி காரோடு இணைத்த லப்ரொப்பில் பெற்றோலைக் குறைத்தேன். பெற்றோல் ஒரு பங்குக்குக் காற்று எத்தனை பங்கென்று மீற்றர் காட்டும்; இலக்கம் சிறிதென்றால் பெற்றோல் கூட. பெரிதென்றால் காற்றுக் கூட. அழுத்தி ஓடும்போது ஒன்பதரை காட்டியதைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தேன். பதின்மூன்றைத் தாண்டக் கூடாதென்பது அண்ணை போட்ட எல்லை. மணம் அடியோடு போய்விட்டது.

திங்கட்கிழமை அவள் வந்து காரில் ஏறினாள், மடியில் பையோடு. வீடு வாசல் இல்லாத வல்லை வெளியில் ஒரு லொறியை முந்த அழுத்தினேன். தகரப் பேணிக்குள் கச்சான் கடலை போட்டுக் குலுக்கினதுபோல எஞ்சினுக்குள் ஒரு சத்தம். ஓரம் கட்டி, எஞ்சினை நிற்பாட்டி, பொனற்றைத் திறந்து, திறந்ததற்குள் என்ன பார்ப்பதென்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகுதான் போன் ஞாபகம் வந்தது.

"அண்ணை, எஞ்சின் முடிஞ்சுது!"

"தானா நிண்டதோ?"

"இல்லை, நான்தான் நிப்பாட்டினனான்."

"அப்ப முடிஞ்சது நீதானடாப்பா. மீற்றர் என்ன காட்டினது?"

"பன்னிரண்டு."

"பன்னிரண்டிலை உந்தச் சத்தம் வராது. மீற்றர் பொய் சொல்லுது. சுத்தமான காத்திலை பிடிச்சுத்தானே பூட்டினனீ?"

"ஓம் அண்ணை, காத்திலைதான்."

காருக்குள்ளிருந்து அவளுடைய குரல் வந்தது. "இஞ்சாருங்கோ, அது காத்தோ? சாம்பிராணிச் சட்டிக்கு மேலையெல்லோ பிடிச்சனீங்கள்?"

அண்ணைக்கும் அது கேட்டுவிட்டது. "எட கடவுளே" என்றார்.

சாம்பிராணிப் புகைக்குள் இருந்த குறைந்த ஒட்சிசனையே முழுக் காற்றென்று சென்சர் நம்பியிருக்கிறது. அளவுகோல் அப்படிச் சுருங்கியதால், பெற்றோல் கொஞ்சம் கூடியிருந்தாலும் மிகக் கூடவாக இருப்பதாக அது காட்ட, நானும் குறைத்துக்கொண்டே போயிருக்கிறேன்.

பத்து மணிக்குள் போகாவிட்டால் அவளுக்கு ஒதுக்கிய இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். முட்டையை மிதிப்பதுபோல மிதித்து ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். சைக்கிளில் வந்த ஒரு ஐயா எங்களை முந்தினார்.

அவள் உள்ளே இருந்த நாலு மணித்தியாலமும் வாசலில் இருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் குழாயில் அவளுடைய இரத்தம் வெளியே போய்த் திரும்பி வருவது தெரிந்தது. பெற்றோலைப் பழையபடி கூட்டினால் எஞ்சின் பிழைக்கும், அவள் வரமாட்டாள். கூட்டாமல் விட்டால் ஒருநாள் அவளோடு நடுவழியில் நிற்பேன். வழக்கமாக நான் பகிடி விடும் நேர்ஸ் பிள்ளை, "ஐயாவுக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

திரும்பும்போது வல்லை வெளியில் அவளே சொன்னாள். "இதிலை நிப்பாட்டுங்கோ. சென்சரைக் காத்திலை பிடிக்கிறதை இஞ்சை பிடியுங்கோ."

"நீர் களைச்சுப் போனீர். வீட்டை போய்ப் பாப்பம்."

"வீட்டை போனா நீங்கள் திரும்பக் கற்பூரம் கொளுத்துவியள்."

காரை நிறுத்தினேன். நீரேரிப் பக்கமிருந்து வந்த காற்று நான் போட்டிருந்த சேட்டைப் பிடித்து இழுத்தது. புகைக் குழாய் ஆறும்வரை அவள் சீற்றைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கிடந்தாள். ஆறிவிட்டதென்று தொட்டு, ஆறவில்லை என்று இரண்டு விரலால் தெரிந்துகொண்டேன். சென்சரைக் கழற்றிக் காற்றில் தொங்கவிட்டுப் பொத்தானை அமத்தினேன். திரும்பப் பூட்டி அழுத்தி ஓடினால் மீற்றர் பதின்மூன்றரை காட்டியது. அண்ணை போட்ட எல்லைக்கும் அரை மேலே. பின்சீற்றில் கிடந்த லப்ரொப்பை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெற்றோலைக் கூட்டி, அந்த வெளியில் போயும் வந்தும் ஓடி, உண்மையான பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தேன். எஞ்சின் சத்தம் அடங்கியது. மணம் மெல்ல உள்ளே வந்தது.

ஓரம் கட்டினேன். அவளைப் பார்க்கப் பயமாக இருந்ததால் மீற்றரைப் பார்த்தபடி கேட்டேன்.

"மணக்குதோ?"

"ஓம்."

"முந்தின மாதிரியோ?"

"இல்லை. கொஞ்சம்."

"சத்தி வருமோ?"

அவள் பையை எடுத்து மடித்தாள். மடித்ததைத் திரும்ப மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை பாப்பம்" என்றாள்.