சகனில் கிடைத்த தாலாட்டு

நான் பல்கலைக்கழகம் போனதில்லை; பாட்டுப் பைத்தியம், அவ்வளவுதான். முஸ்லிம் வீடுகளின் தாலாட்டுகளைத் திரட்டிப் புத்தகமாக்க, அம்பிட்டியவிலிருந்து பஸ் ஏறித் திரிந்தேன். போன வீடெல்லாம் பிளேன்டீயும் வட்டிலப்பமும் கிடைக்கும். பதிவு செய்ய ஃபோனை நீட்டியதும் பாட்டு மட்டும் எல்லாருக்கும் மறந்துபோகும். இதோடு விட்டுவிடலாம் என்று கடைசியாகக் கம்பளையில் நிறையத் தாலாட்டுத் தெரிந்தவர் என்று கேள்விப்பட்ட ஹாஜரா மாமியைத் தேடிப் போனால், அங்கே மகளுக்குக் கல்யாணம்!

வந்த வழியே திரும்பிப் போகப் பார்த்தேன். மாமி விடவில்லை.

"சகனுக்கு ஒராள் கொறயுது. வந்து குந்துங்க மகள்!"

சகன் என்பது பெரிய தட்டு. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். நான் மரியாதைக்கு நாலு வாய் அள்ளிவிட்டு எழும்பினேன். மற்ற ஐந்து கைகளும் அப்படியே நின்றுவிட்டன.

"நீங்க எழும்பினா நாங்களும் எழும்பணும். எங்கள பட்டினி போடவா வந்தீங்க?" என்றார் மாமி. ஒரே சிரிப்பு.

வெட்கத்தோடு உட்கார்ந்தேன். மாமி இறைச்சியைப் பிய்த்து என் பக்கம் தள்ளியபடி, கதிரையில் இருந்த மணமகளைக் காட்டினார். "இவள தூங்க வெக்க நான் பட்ட பாடு!" என்றவர், மெல்லப் பாடவே தொடங்கிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் அடுத்த அடியைப் பிடித்தார். என் ஃபோனோ பையில், கையெல்லாம் சோறு.

"ஐயோ, பதியலயே!" என்று கத்திவிட்டேன்.

"திண்டு முடிங்க. பொறகு போதும் போதும்கிற வரைக்கும் பாடுறோம்!"

பாடினார்கள். ஃபோனில் இடம் தீரும்வரை பாடினார்கள்! இப்போதெல்லாம் புது வீட்டுக்குப் போனால், முதலில் வயிறாரச் சாப்பிடுகிறேன். ஃபோனை எடுக்கச் சொல்வது அவர்கள்தான்.