வழியில் விழுந்த ஃப்யூஸ்

என் சின்ன அத்தையைப் பெண் பார்க்க வேப்பூரிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார் என்பதே எங்கள் தெருவுக்குப் பெரிய சங்கதி. அதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் பஸ்ஸில் வந்து, பஸ்ஸில் போய், பிறகு ஒரு தகவலும் சொல்லாமல் இருந்துவிட்டவர்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு எட்டு வயசு இருக்கும். விருத்தாசலத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சின்ன அத்தை பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஃப்யூஸ் கட்டைகள் செய்கிற பட்டறை. அச்சிலிருந்து எடுத்த கட்டைகளின் பிசிறைச் சுரண்டிச் சூளைக்கு அடுக்கிக் கொடுப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்து முகம் கழுவின பிறகும் புருவத்தில் வெள்ளை மண் ஒட்டிக்கொண்டிருக்கும். வயசு இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. வந்தவர்களில் சிலர் இவளை வேண்டாம் என்றார்கள், சிலரை இவள் வேண்டாம் என்றாள். அப்பா தன் தங்கையிடம் கெஞ்சியும் பார்த்தார், கத்தியும் பார்த்தார். அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"ஒரு நாழி பார்த்து இன்னாண்ணே தெரியும்? அக்காவப் பார்க்க வந்த அன்னிக்கு மாமா தலையே நிமிரல. எவ்ளோ அடக்கமான மனுசன்னு நீங்கதான சொன்னீங்க?"

இதைக் கேட்டதும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அவள் அக்கா என்று சொன்னது என் பெரிய அத்தையை. பெண்ணாடத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பெரிய அத்தை அடிக்கடி வழுக்கி விழுகிறவள். விழுந்து, கன்னமோ கையோ வீங்கிப்போய், ஒரு துணிப்பையோடு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். வீக்கம் வடிந்ததும் திரும்பிப் போவாள். அப்படி வழுக்குகிற தரையைக் கொத்திவிட்டு வேறு சிமெண்டு போடக் கூடாதா என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு அம்மா என் வாயைப் பொத்தினாள். பெண் பார்க்க வந்த அன்றும் பெரிய அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள், மணிக்கட்டில் பற்றுப் போட்டுக்கொண்டு.

மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். யாரிடமோ பழசாக வாங்கிய கறுப்பு வண்டி. பின்னால் அவருடைய அக்கா புருஷர் உட்கார்ந்து வந்தார். மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். எல்லாரும் உள்ளே உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார்கள். சின்ன அத்தை வந்து கும்பிட்டாள், போனாள். மாப்பிள்ளை தலையே நிமிரவில்லை. ஆகா, பெண்ணாடத்து மாமாவைப் போலவே அடக்கமானவர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனால், சின்ன அத்தை பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேசரிக் கரண்டியோடு பின்கதவு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தாள். நானும் பின்னாலேயே போனேன். சந்தில் நிறுத்தியிருந்த வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டியின் பக்கவாட்டில் ஒரு தகரப் பெட்டி. கரண்டிக் காம்பால் அதன் திருகைத் திருப்பித் திறந்து, உள்ளேயிருந்து சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு வெள்ளைப் பீங்கான் துண்டை வெடுக்கென்று பிடுங்கினாள். அவள் பட்டறை முதலாளியிடமும் இதே மாதிரி வண்டி உண்டு. ஃப்யூஸ் போனால் இவள்தான் மாற்றிக் கொடுப்பாளாம். பெட்டியை மூடிவிட்டு, ஃப்யூஸை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மூச்சு விடக் கூடாது, தெரிதா?" என்றாள்.

"எதுக்கு அத்தை?"

"வண்டி கெளம்பாது. அப்பதான் உள்ள இருக்கிற மனுசன் வெளிய வருவான்."

உள்ளே இன்னொரு மனுஷன் இருக்கிறானா என்று நான் ஓடிப்போய் வாசல்படியில் நின்று காத்திருந்தேன். பூனைதான் வந்தது.

அவர்கள் புறப்பட்டார்கள். மாப்பிள்ளை வண்டியைத் தெருவுக்குத் தள்ளி வந்து உதைத்தார். கிளம்பவில்லை. திரும்பத் திரும்ப உதைத்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேடிக்கை பார்க்கத் தெருவே திரண்டுவிட்டது. அவருடைய அக்கா புருஷருக்கு அதுவரை பேசச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை போலிருக்கிறது, பிடித்துக்கொண்டார்.

"பழைய வண்டிய வாங்காத வாங்காதன்னு தலையால அடிச்சிக்கிட்டேன். கேட்டாதான மச்சான் நீ? பெட்ரோலப் பாரு!"

பெட்ரோல் இருந்தது. மாப்பிள்ளை பிளக்கைக் கழற்றித் துடைத்து, இஞ்சின் மேல் வைத்து உதைத்துப் பார்த்தார். பொறி வரவில்லை. "பிளக்குல பீங்கான் விரிசல் விட்டிருக்கும். இந்த ஊர்ல பீங்கானுக்கா பஞ்சம், ஒண்ணு கேட்டு வாங்கு" என்று அக்கா புருஷர் சொன்னதும் தெரு சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா, எங்கள் அப்பா காதில் விழும்படியாகவே, "பொண்ணு வூட்டு வாசல்லயே வண்டி நின்னு போச்சே, இது இன்னா சகுனமோ" என்றாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. இந்த இடமும் தட்டிப்போய்விடும் என்று பயந்துவிட்டார். ஜன்னலுக்குள் இரண்டு அத்தைகளும் நின்றார்கள். சின்ன அத்தை முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து என் தம்பி, கீழே வைத்திருந்த பிளக்கைக் காலால் எத்திவிட்டான். அது உருண்டுபோய்ச் சாக்கடையில் விழுந்தது. மாப்பிள்ளை சடாரென்று எழுந்தார். கை மேலே போனது. பெரிய அத்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மேலே போன கை அவர் தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

"கால்ல பட்டுதாடா?" என்று அவனைக் கேட்டார். பிறகு குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியால் பிளக்கை வெளியே தள்ளி, குழாயடியில் கழுவித் துடைத்து மாட்டினார்.

தெருப் பிள்ளைகள் வண்டியைக் கோடி வரை தள்ளிப் போய்த் திரும்பினார்கள். பலனில்லை. வழியில் நின்ற ஆட்டை விரட்ட அவர் ஹாரனை அழுத்தியிருக்கிறார், அதுவும் அடிக்கவில்லை. அப்படியே நின்று, தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டார். "ஹாரன் அடிக்குதான்னுல்ல மொதல்ல பார்த்திருக்கணும்! கரண்டே வரல, நான் பாட்டுக்கு ஒதைக்கிறேன்" என்றார்.

தகரப் பெட்டியின் பக்கம் உட்கார்ந்தார். அவர் முதுகு ஜன்னலை மறைத்தது. நான் மட்டும் எதிரே நின்றேன். பெட்டியைத் திறந்து, ஃப்யூஸ் இருக்கவேண்டிய இடம் காலியாக இருப்பதைப் பார்த்தார். மூடியைத் திருப்பிப் பார்த்தார். கறுப்புத் தகரத்தில் ஆரஞ்சு நிறத்தில் கேசரி அப்பியிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா புருஷர் குனிந்து எட்டிப் பார்க்க வருவதற்குள் கைக்குட்டையை எடுத்து அதை நன்றாகத் துடைத்துவிட்டார். சுத்தமான மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லம்மா" என்று தன் அம்மாவிடம் சத்தமாகச் சொன்னார். "ஃப்யூஸு வழியில எங்கியோ விழுந்துட்டுது. சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வூட்ல ஃப்யூஸு கம்பி இருந்தா கொஞ்சம் குடுக்கச் சொல்லுங்க."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. மூச்சு விடக் கூடாது என்று அத்தை சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன். உள்ளே ஓடினேன். சின்ன அத்தை அலமாரியிலிருந்து கம்பியை எடுத்துத் தந்தாள். ஃப்யூஸையே கொடுத்துவிடேன் என்று நான் கிசுகிசுத்ததற்குத் தலையில் ஒரு குட்டு வைத்தாள். மாப்பிள்ளை ஃப்யூஸ் இருந்த இடத்தில் கம்பியைச் சுற்றி மாட்டினார். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. எல்லாரிடமும் "போயிட்டு வரேங்க" என்று கும்பிட்டுவிட்டு, என் தம்பி கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அவர்கள் தலை மறைந்ததும் அப்பா உள்ளே வந்து, "இப்பவாவது வாயத் தொறந்து சொல்லு" என்றார். சின்ன அத்தை பெரிய அத்தையைப் பார்த்தாள்.

"கத்தல, கை நீட்டல. சரி. ஆனா ஃப்யூஸு விழுந்துட்டுதுன்னாரே, அது தெரிஞ்சு சொன்னாரா, தெரியாம சொன்னாராக்கா?"

பெரிய அத்தைக்கும் அது தெரியவில்லை. என்னைக் கேட்டால்தானே! நான் முன்னால் போய் நின்றேன்.

"அவருக்கு ஒண்ணுமே தெரியல அத்தை. பொட்டியத் தொறந்து வெச்சிக்கினு, மூடியில இருந்த கேசரிய கைக்குட்டையால தொடச்சிக்கினு உக்காந்திருந்தாரு. ஃப்யூஸு வழியில விழுந்திருந்தா வண்டி எப்படி நம்ம வூடு வரைக்கும் வந்துதாம்? இது கூடத் தெரியல, இவரு வாத்தியாராம்!"

"கேசரியத் தொடச்சாரா?" என்றாள் சின்ன அத்தை.

"ஆமா. அவங்க மாமா வர்றதுக்குள்ள, அவசர அவசரமா."

சின்ன அத்தைக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். பெரிய அத்தை அவளைக் கட்டிக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். "எனக்குச் சம்மதம்ணே, சொல்லி அனுப்பிடுங்க" என்றாள் சின்ன அத்தை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இவ்வளவு எடுத்துச் சொன்ன பிறகுமா?

கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்ததும் மாப்பிள்ளை என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தார். அத்தையும் சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓவென்று அழுதேன். அத்தை போகிறாளே என்று குழந்தை ஏங்குகிறது என்று சொல்லி எல்லாரும் என் முதுகைத் தடவினார்கள். அதற்கா அழுதேன்? என் அத்தைக்கு இருக்கிற மூளைக்கு, போயும் போயும் ஒன்றுமே தெரியாத ஒருவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்களே என்றுதான் அழுதேன்.