மேஸ்திரியைப் பற்றி விசாரிக்கப் போனேன்

இன்று கொட்டும் மழையில் மீஞ்சூர் போய் வந்தேன்.

கும்மிடிப்பூண்டியில் நான் கட்டப்போகும் வீட்டுக்கு ஒரு மேஸ்திரி கிடைத்திருக்கிறார். "போன வருசம் மீஞ்சூர்ல கட்ன ஊட்டப் போய்ப் பாரு சார், அப்புறம் பேசு" என்றார். போனேன்.

அந்த வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். "தங்கமான மன்சன் சார். கண்ண மூடிக்கினு வேலையக் குடுங்க."

சொல்லி முடிப்பதற்குள் என் தோளில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். பிறகு கீழே பார்த்தேன். கூடத்தில் மூன்று இடத்தில் குண்டான் வைத்திருந்தார்கள்.

"இன்னாங்க, புது ஊடு இப்படி ஒழுகுது?"

"அத்த உடுங்க சார். ஒங்களுக்கு சிமெண்ட் பர்மிட் வந்துட்ச்சாமே?"

"வந்துட்ச்சு. ஏன்?"

"ஒங்க ஊட்டு வேல ஆரம்பிச்சதும் அதுல ரெண்டு மூட்ட எடுத்தாந்து இந்த ஒழுகல அடச்சித் தரேன்னு மேஸ்திரி சொல்லிக்கினு இருக்காரு. சீக்கிரம் ஆரம்பிங்க சார்!"

சிமெண்ட் தட்டுப்பாட்டில் ஆறு மாதம் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கிய பர்மிட் அது!

உங்களில் யாருக்காவது அடுத்து சிமெண்ட் பர்மிட் வருகிறதா? வந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள். என் வீடும் ஒழுகும்போது, "தங்கமான மனிதர்" என்று உங்களிடம் நான் சொல்ல வேண்டியிருக்கும்.