அக்கா தேடிய சிரிப்புக்காரி

என் அக்கா புருஷனை ஊரில் எல்லோரும் பசைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பசையுள்ள ஆசாமி என்று தப்புக்கணக்குப் போட்டு, நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு அவர் வீட்டுப் படி ஏறியவர்கள் உண்டு. அது வெறும் மைதாப் பசை என்று தெரிந்துகொள்ள அவரோடு ஒருமுறை கைகுலுக்கினால் போதும். முகமூடி செய்வது அவர் தொழில். களிமண்ணில் ஒரு முகத்தை உருவாக்கிக் காயவைத்து, அதன்மேல் எண்ணெய் தடவி, பழைய செய்தித்தாளைக் கிழித்துப் பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டுவார். காய்ந்ததும் உரித்தெடுத்து, கண்ணுக்கு ஓட்டை போட்டு, வர்ணம் அடிப்பார். சொல்லும்போது சின்ன வேலைதான். செய்ய ஆரம்பித்தால் வீடு முழுக்கக் கிழிந்த காகிதம், தலையணையில் வர்ணம், குடிக்கிற டம்ளரில் பசை.

நான் அவருக்கு மைத்துனன். கடைத்தெருவில் சலூன் வைத்திருக்கிறேன். "நான் முகம் செய்யறவன், நீ முகத்தைத் திருத்தறவன், நாம ரெண்டு பேரும் ஒரே ஜாதி மாப்ள" என்பார் மாமா. எனக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. அவர் செய்த முகம் வருடக்கணக்கில் நிற்கும். நான் திருத்திய முகம் அடுத்த வாரமே தாடியோடு வந்து நிற்கும்.

எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒருநாள் முகமூடி ஊர்வலம் நடக்கும். ராஜா, அரக்கன், கோமாளி, கிழவன் எல்லோரும் மாமா வீட்டு மொட்டைமாடியிலிருந்துதான் இறங்கி வரவேண்டும். இவ்வளவு பெரிய கைக்காரரிடம் ஒரு குறை இருந்தது. கற்பனையாக ஒரு முகம் செய்ய அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. கண் பார்த்த முகத்தைத்தான் கை செய்யும். இது ஊரறிந்த விஷயம். ராஜாவின் முகம் தையல்காரருடையது. அரக்கன், ஆஸ்பத்திரியில் ஊசி போடும் கம்பவுண்டர்.

விளைவு என்ன தெரியுமா? ராஜாவான வருடத்திலிருந்து தையல்காரர் குனிந்து பேன்ட்டுக்கு அளவெடுப்பதையே விட்டுவிட்டார். வந்தவன்தான் ஸ்டூல்மேல் ஏறி நிற்கவேண்டும். கம்பவுண்டரோ, பூனை குறுக்கே வந்தால் ஒதுங்கி வழிவிட்ட மனிதர். அரக்கனான பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு வார்டுக்குள் நுழைகிறார். குழந்தைகள் கேட்பதற்கு முன்னால் கையை நீட்டிவிடுகின்றன. முகமூடியைப் போட்டுக்கொள்கிறவன் ஒருநாள் ஆடிவிட்டுக் கழற்றி வைத்துவிடுவான். அசல் முகத்துக்காரன்தான் வருடம் பூராவும் ஆடுகிறான். எத்தனையோ தலைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து நான் கண்டுபிடித்த உண்மை இது. யாரும் பாராட்டவில்லை.

போன வருட ஊர்வலத்தில் குழந்தைகள் பயந்து அழுதுவிட்டதால், விழாக் கமிட்டித் தலைவரான இரும்புக்கடை முதலாளி இந்த முறை ஒரு புது உத்தரவு போட்டார். ஊர்வலத்தின் முன்வரிசை முழுக்க ஒரே மாதிரி சிரித்த முகங்களாக இருக்க வேண்டும், அதுவும் பார்க்கிறவனுக்குத் தானாகச் சிரிப்பு வரும்படி. மாமா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். சிரிப்புக்கு யார் முகத்தைப் பார்ப்பது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்திருக்கிறது.

ஏனென்றால் அவர் வீட்டில் இருப்பது என் அக்கா. அம்மா சீக்கிரம் போய்விட்டதால், பாவாடை கட்டின வயதிலேயே நாலு தம்பிகளை அடக்கி வளர்க்கவேண்டிய பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. சிரித்தால் நாங்கள் ஏறி மிதித்துவிடுவோம் என்று ஒரு கண்டிப்பான முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். நாங்கள் வளர்ந்து ஆளுக்கொரு பக்கம் போன பிறகும் அதைக் கழற்றவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருநாள்கூட வேலை பார்க்காத அவளை ஊரே ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா என்கிறது. உதட்டோரத்தில் ஒரு சுழிப்பு விழுந்தால் அன்றைக்கு அவள் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறாள் என்று நாங்களாகப் புரிந்துகொள்ள வேண்டும். முன்பு ஒருமுறை ராணி முகமூடிக்கு அவள் முகத்தைக் கேட்டார் மாமா. "என் மூஞ்சியத் தெருவுல விட்டீங்க, அந்தப் பசைச் சட்டிய உங்க தலையிலயே கவுத்துடுவேன்" என்று பதில் வந்தது. அவள் செய்யக்கூடியவள்.

ஆகவே மாமா வெளியே சிரிப்புத் தேடி அலைந்தார். கேட்டதும் எல்லோரும் போட்டோவுக்கு நிற்கிறவர்கள்போல் பல்லைக் காட்டினார்கள். தையல்காரர், ராஜா சிரிப்பது மரியாதை இல்லை என்று மறுத்துவிட்டார். நானும் கடைக் கண்ணாடி முன்னால் தாடை வலிக்கச் சிரித்துக் காட்டினேன். பல்வலி முகமூடி கேட்டால் உன்னைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அடுத்த ஷேவிங்கில் காட்டியிருப்பேன், அக்கா புருஷனாகப் போய்விட்டார்.

கடைசியில் தன் சிரிப்பையே அச்செடுப்பது என்று முடிவு கட்டினார். பாயில் மல்லாந்து படுத்து, மூக்கில் இரண்டு குழாயைச் செருகிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி முகத்தில் பிளாஸ்டரைக் குழைத்து ஊற்றிக்கொண்டார். நெற்றி, கன்னம், இமை என்று எண்ணெய் தடவியவர் மீசையை மறந்துவிட்டார். வருடம் முழுக்க அச்சுக்கு எண்ணெய் தடவுகிற மனிதருக்கு, இன்றைக்கு அச்சு தானேதான் என்பது நினைவில்லை. பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும். சூடேறியது, இறுகியது, மீசையோடு ஒட்டிக்கொண்டது. குழாய் வழியாக வந்த ஊளையைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் என் கடைக்கு ஓடிவந்து சொன்னார்.

நான் கத்தரியோடு போய், இடுக்கில் நுனியை விட்டு மெல்ல மெல்ல நறுக்கி அவரை வெளியே எடுத்தேன். அவர் வந்துவிட்டார். மீசையில் வலது பாதி பிளாஸ்டரிலேயே தங்கிவிட்டது. இடது பாதி மட்டும் கம்பீரமாக முறுக்கிக்கொண்டு நிற்க, மாமா எழுந்து உட்கார்ந்து திருதிருவென்று விழித்தார். அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள்.

சிரித்தாள். நான் பிறந்ததிலிருந்து பார்த்திராத சிரிப்பு. தலை பின்னால் சாய்ந்தது, கண்கள் இருக்கும் இடம் தெரியாமல் போயின, ஈறெல்லாம் வெளியே வந்தது, இடது கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. அக்காவுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் கத்தரியைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா மட்டும் தொழில்காரர் புத்தியில், "அப்படியே இரு, அசையாதே" என்று களிமண்ணை எடுக்கப் பாய்ந்தார். அவ்வளவுதான். என்ன வேடிக்கை என்று ஒரு முறைப்பு முறைத்துவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாள். ஆனால் மாமா கண் பார்த்துவிட்டது. அது போதும்.

மறுநாளிலிருந்து மாடி அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு வேலை செய்தார். கல்யாணமான நாள் முதல் தாழிட்டதில்லை. முகம் முடிந்து, முகமூடிகள் உரிந்து, வர்ணம் காய மொட்டைமாடித் துணிக்கொடியில் வரிசையாகத் தொங்கின. துணி எடுக்கப் போன அக்கா எதிரே பார்த்தது, காற்றில் ஆடி ஆடிச் சிரிக்கும் ஒரே பெண்ணின் ஒரு கொடி நிறைய முகங்களை.

யார் இவள் என்று கேட்டாள். சிரித்த தன் முகத்தை அவள் எந்தக் கண்ணாடியிலும் பார்த்தவள் இல்லை. அடையாளம் தெரியவில்லை. மாமாவுக்கோ பசைச் சட்டி ஞாபகம். "யாருமில்ல" என்று சொல்லிவிட்டார். உலகத்தில் எந்தப் புருஷனும் தப்பித்துவிடக்கூடிய பதில் அது, இவரைத் தவிர. பார்க்காத முகத்தை இவர் செய்யமாட்டார் என்பது ஊருக்கே தெரியுமே. அப்படியானால் எங்கேயோ ஒருத்தி இவர் முன்னால் வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள். இவரும் அதை அணு அணுவாகப் பார்த்திருக்கிறார்.

அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. தேட ஆரம்பித்தாள். சிரித்தால்தானே அந்த முகம் தெரியும்? ஆகவே ஊரில் உள்ள பெண்களையெல்லாம் சிரிக்க வைப்பது என்று கிளம்பிவிட்டாள். காய்கறிக் கடையில், குழாயடியில், தையல்காரர் வீட்டு வாசலில் என்று நின்று நின்று ஜோக் சொன்னாளாம். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஒரு யானை, ஒரு எறும்பு என்று ஆரம்பித்தால் யாருக்குச் சிரிப்பு வரும்? பயம்தான் வந்தது. பயத்தில் சிரித்தவர்களின் வாயைக் கிட்டே போய் உற்றுப் பார்த்துவிட்டு, நீ இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவர்கள் வீட்டு ஆண்கள் என் நாற்காலியில் உட்கார்ந்து, உங்க அக்காவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார்கள். என்ன நடக்கிறதென்று எனக்கும் விளங்கவில்லை.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் மத்தியானம் விளங்கியது. கடையில் ஆள் இல்லாத நேரம். அக்கா ஒரு கையில் துணிப்பையும் இன்னொரு கையில் முகமூடியுமாக உள்ளே வந்தாள். பெரிய தம்பி வீட்டுக்குப் போவதாகவும் திரும்பி வரப்போவதில்லை என்றும் பால் கணக்கு சொல்கிற குரலில் சொன்னாள். போவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று தெரிந்தாகவேண்டும், ஊர் ஆண்களின் வண்டவாளமெல்லாம் இந்தக் கடையில்தான் பேசப்படும், உனக்குத் தெரியாமல் இருக்காது என்றாள். முகமூடியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"யாருடா இவ? இவ்வளவு சந்தோஷமா சிரிக்கறா. என்கூட இருந்து அவர் என்னத்தக் கண்டாரு, போகட்டும். யாருன்னு மட்டும் சொல்லிடு."

"நீதான்க்கா" என்றேன்.

அவள் நம்பவில்லை. புருஷனுக்கும் மச்சானுக்கும் நல்ல கூட்டு, எனக்கே காதில் பூ சுற்றுகிறீர்களா என்றாள். அதற்குள் மாமா செருப்புகூட இல்லாமல், முழங்கை வரை பசையோடு ஓடிவந்து சேர்ந்தார். அவரும் நீதான், அன்றைக்கு என் பாதி மீசையைப் பார்த்துச் சிரித்தாயே, நீயேதான் என்றார். எனக்குக் கன்னத்தில் குழி எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று அக்கா முகத்தை நீட்டினாள். கோபத்தில் இறுகிக் கிடந்த அந்த முகத்தில் குழி எங்கிருந்து வரும்? சிரித்தால் வரும் என்றேன். "சிரிக்கற நிலைமையிலயாடா வச்சிருக்கீங்க என்னை?" என்று பையைத் தூக்கினாள்.

மாமா என் மேசையிலிருந்த கத்தரியை எடுத்தார். அந்த விபத்துக்குப் பிறகு மீசையை முழுக்க எடுத்துவிட்டு, தினமும் தடவிப் பார்த்து வளர்த்து, அப்போதுதான் முறுக்கும் பதத்துக்கு வந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வலது பாதியை நறுக்கிப் போட்டார்.

அக்கா அசையவில்லை. அவமானப்பட்டுப்போய் நின்றார் மனிதர். வியர்த்துக் கொட்டியது. கையால் நெற்றியைத் துடைத்தார். விரல் பசையில் ஒட்டியிருந்த பாதி மீசை அப்படியே நெற்றி நடுவில் போய் ஒட்டிக்கொண்டது. அது அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது புருவத்தோடு, பாதி மீசையோடு, "நம்பு" என்று கெஞ்சினார்.

அக்கா பல்லைக் கடித்துப் பார்த்தாள், தோள் குலுங்கியது, மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு அணை உடைந்தது. நான் சட்டென்று அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார்த்தி, கண்ணாடி பக்கம் திருப்பிவிட்டேன்.

கண்ணாடியில் அவள் சிரித்தாள். மடியில் முகமூடியும் சிரித்தது. ஈறு, கன்னக்குழி, கண் மறைந்த இடம், எல்லாம் அதேதான். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. அடங்க அடங்க முகம் பழையபடி மூடிக்கொண்டு வந்ததை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி மூடும்போது, போகாதே என்பதுபோல மறுபடி கொஞ்சம் சிரித்துப் பார்த்தாள். குழி விழுந்தது. விரலால் அதைத் தொட்டாள்.

மாமா என் பின்னால் ஒளிந்துகொண்டு, நாளைக்கு ஊர்வலத்துக்கு வேண்டாமென்றால் எல்லாவற்றையும் கிழித்துவிடுகிறேன் என்று முனகினார். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல், யாரையும் குற்றம் சொல்லாத குரலில் சொன்னாள்:

"இத்தனை வருஷமா இவ என்கூடத்தான் இருந்திருக்கா. ஒருத்தரும் எனக்குச் சொல்லலையே."