நமுனுகுலவில் ஒன்பதாவது பாட்டு

சனிக்கிழமை காலை ஆறு நாற்பது. பதுளை பஸ் நிலையத்தில் பசறை பஸ் புறப்படத் தயாராக நின்றது. என் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை எஸ்தர், தோளில் அவளுடைய பை, எனக்குப் பின்னால் கிட்டாரோடு அப்பா. குழந்தைக்கு ஒரு கம்பளிச் சட்டை போதுமா, இரண்டு போட வேண்டுமா என்று வீட்டிலேயே இரண்டு தடவை போட்டுக் கழற்றிவிட்டுத்தான் கிளம்பினேன். பஸ்ஸில் ஏறிய பிறகும் அந்த யோசனை விடவில்லை.

"கிட்டாருக்கும் டிக்கட் போடவா ஐயா?" என்றார் கண்டக்டர். அப்பா அதை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதில் சொல்லாமல் சிரித்தார். "ரெண்டு பெரிய டிக்கட், பசறை" என்று நான் சொன்னேன். அந்த நாள் முழுக்க அப்பாவுக்கான பதில்களை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பாவின் குரல் நாணில் ஒரு கட்டி. வரும் செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை. அதன் பிறகு பேச்சு வந்துவிடும், பாடுவதைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதுவரை குரலுக்கு முழு ஓய்வு. மிகவும் அவசியம் என்றால் ஒன்றிரண்டு சொல். நான் வத்தளையிலிருந்து குழந்தையோடு வந்து பத்து நாளாகப் பதுளையில் இருப்பது இதற்காகத்தான்.

ஆனால் ஆல்பம் முடியவில்லை. அப்பாவும் அவருடைய பழைய கூட்டாளிகள் இருவரும் இளவயதில் பண்டாரவளை ஹோட்டல்களிலும் தோட்டத் துரைமார் கிளப்பிலும் ஆங்கிலப் பாட்டு பாடியவர்கள். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் உருகும் சோல் பாட்டுகள், பழைய ரொக் பாட்டுகள். அவற்றில் ஒன்பதைத் தேர்ந்தெடுத்து, தங்கள் கையால் வாசித்து, தங்கள் குரலில் பாடி ஒரு ஆல்பமாக விட வேண்டும் என்று போன வருஷம் முடிவெடுத்தார்கள். எட்டு முடிந்துவிட்டது. ஒன்பதாவது அப்பாவின் பாட்டு. அது பதிவாவதற்குள் தொண்டை கெட்டது. எனவே ட்ரம்ஸ் வாசிக்கும் டேவிட் மாமா அதைப் பாடுவது, அப்பா கிட்டார் மட்டும் வாசிப்பது என்று ஏற்பாடு.

வளைந்து வளைந்து போகும் பாதை அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே என்னிடம் பொறுப்பைக் கொடுத்தார். "கிட்டாரு மட்டும் வாசிக்கட்டும். வாயத் தொறக்கக் கூடாது. நீ பக்கத்துலயே இருக்கணும். சரியா?" சரி என்றேன்.

பதுளையிலிருந்து பசறை சுமார் இருபது கிலோமீட்டர். ஏழரைக்குப் பிறகு போய்ச் சேர்ந்தோம். கடைகள் பாதிதான் திறந்திருந்தன. அறுபது ரூபாய்க்கு ஒரு பிளேன்டீ வாங்கி அப்பாவுக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகு, சூடு தொண்டைக்கு நல்லதா கெட்டதா என்று சந்தேகம் வந்து வாங்கி ஆற்றிக் கொடுத்தேன். பதிவு நடக்கும் நமுனுகுலவுக்கு அடுத்த பஸ் ஒன்பதரைக்குத்தான் என்றார்கள். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பேசி ஒரு த்ரீவீல் பிடித்தோம்.

டிரைவர் கண்ணாடியில் அப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தார். "சேரை எனக்குத் தெரியுமே. எங்க மாமா கலியாணத்துல இவருதான் பாடுனாரு. சேர், ஒரு வரி எடுத்து விடுங்களேன்."

"அப்பாவுக்குத் தொண்டை சுகமில்லைங்க" என்றேன்.

"நல்லவேளை. பேசவே மாட்டேங்கிறாரே, த்ரீவீல் காசு கூடிப் போச்சுன்னு கோவமோன்னு நெனச்சேன்."

அப்பா அவருடைய முதுகில் தட்டினார். வண்டி ஏற ஏறத் தேயிலைச் சரிவுகள் பனிக்குள் போயின. ஒவ்வொரு வளைவிலும் எஸ்தரின் தலையை என் கையால் மூடினேன். நமுனுகுல மலையின் உச்சி அன்று தெரியவேயில்லை.

எட்டே முக்காலுக்குத் தோட்டத்துக் கோயிலை அடைந்தோம். சின்ன மாதா கோயில். அதை ஒட்டி ஞாயிறு மறைக்கல்வி நடக்கும் மண்டபம். பலகைத் தளம், கூரைக்குக் கீழேயும் பலகை. மழை பெய்தாலும் சத்தம் உள்ளே அதிகம் வராது என்பதால் இந்த இடம். ரெக்கார்டிங் செய்யும் ஷாமினி பண்டாரவளைக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். நான்கு மைக்குகளை நிறுத்தி வயர்களை ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஓர்கன் வாசிப்பவர் பாரூக் நானா. பதுளையில் துணிக்கடை. அப்பாவைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "நாப்பது வருஷமா ஒங்கட வாப்பாட வாய மூடப் பாத்தேன் புள்ள. ஒரு டாக்டர் ஒரே நாள்ல மூடிட்டாரு" என்றார். சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

டேவிட் மாமா லுணுகலையிலிருந்து வந்திருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நான் பாடினா தேயிலச் செடி பட்டுப் போயிரும் செபா. ஒனக்காகத்தான் ஒத்துக்கிட்டேன்" என்றார் அப்பாவிடம்.

இவர்கள் பதிவு செய்யும் விதத்தை இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாக எடுத்து, குரலைக் கடைசியில் சேர்ப்பதுதான் சுலபம் என்று ஷாமினி முதல் நாளே சொல்லியிருக்கிறார். மூவரும் மறுத்துவிட்டார்கள். ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒரே நேரத்தில்தான் வாசிப்பார்கள். அப்பாவின் இடது தோள் உயர்ந்தால் பாட்டு மேலே போகிறது என்று டேவிட் மாமாவுக்குத் தெரியும். அந்தத் தோளைப் பார்த்துத்தான் அடிப்பார். அதனால் எல்லாச் சத்தமும் எல்லா மைக்கிலும் விழும். தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒன்பதரைக்குத் தொடங்கினார்கள். பிரிந்து போகும் ஒருத்தியிடம் இருந்துவிடு என்று கெஞ்சும் மெதுவான பாட்டு அது. முடிவில் ஒரே வரி நான்கு தடவை வரும், ஒவ்வொரு தடவையும் மேலே ஏறும். டேவிட் மாமா அடித்துக்கொண்டே பாடினார். மோசமில்லை. இரண்டாவது தடவை நன்றாகவே இருந்தது. மூன்றாவது தடவை, நான்கில் இரண்டாவது ஏற்றத்தில், அவர் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"இது வராது செபா. சுருதிக்குப் பாடுறேன், தாளத்துக்குப் பாடுறேன். ஆனா நான் யாருகிட்டயும் கெஞ்சலயே."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கிட்டாரின் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். கேட்காமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஒரு தடவைப்பா" என்றேன். "ஒரே ஒரு தடவை."

பாரூக் நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். "யோசிச்சுத்தானே சொல்ற புள்ள?"

யோசித்துச் சொன்னதா என்று எனக்கே தெரியவில்லை. தலையை ஆட்டினேன்.

அப்பா ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். ஓர்கன் தொடங்கியது. குரல் கரகரத்து, சில இடங்களில் காற்றாகத்தான் வந்தது. ஆனால் அந்தப் பெண் அங்கே கதவருகில் நிற்பது போலவே பாடினார். முதல் ஏற்றம். இரண்டாவது ஏற்றம். மூன்றாவதில் அவர் தோள் உயர்ந்தது, டேவிட் மாமா ஓங்கி அடித்தார், என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த எஸ்தர் அதிர்ந்து விழித்து வீறிட்டாள்.

பாட்டை முடிக்கும் வரை அவர்கள் நிறுத்தவில்லை. நான் அவள் முகத்தை மார்போடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் ஷாமினி ஹெட்போனைக் கழற்றினார்.

"நாலு மைக்லயும் இருக்கு அக்கா. வெட்ட ஏலாது."

"இருக்கட்டுமே, பேத்தியோட சத்தம்தானே" என்றார் டேவிட் மாமா. என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். அப்பாவும் பரவாயில்லை என்பது போலக் கையைக் காட்டினார். ஆனால் அவர் முகத்தை நான் பார்த்தேன். பேத்தியின் அழுகைக்காக அவர் பாடவில்லை. அந்த நான்காவது ஏற்றத்துக்காகப் பாடினார், அது அழுகைக்குள் அமுங்கிப் போய்விட்டது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். "இன்னொரு தடவை பாடுங்கப்பா. நான் இவளை வெளிய கொண்டு போறேன்."

"மகள்…" என்றார் அப்பா. அன்று அவர் பேசிய முதல் சொல் அது.

"பாடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

எவ்வளவு தூரம் போனால் சத்தம் மைக்கில் விழாது என்று தெரியவில்லை. கோயிலைத் தாண்டி, தொழிலாளர் லயத்துக்கு இறங்கும் படிகளைத் தாண்டி, தேயிலைக்குள் போகும் பாதையில் நூறடிக்கு மேல் நடந்தேன். அங்கிருந்து ட்ரம்ஸின் அடி மட்டும் மெலிதாகக் கேட்டது. ஓர்கன் கேட்கவில்லை. அப்பா கேட்கவேயில்லை. எஸ்தர் அழுதுகொண்டே இருந்தாள்.

கொழுந்து நிறுக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு அக்கா என்னைப் பார்த்து நின்றார். நெற்றியில் கூடைக் கயிறு. "என்னாங்க, பச்சப்புள்ளய இந்தப் பனியில வச்சுக்கிட்டு?"

"உள்ள ரெக்கார்டிங் நடக்குதுங்க. எங்கப்பா பாடுறாரு."

"அப்பா பாடுறாரு, நீங்க ஏன் வெளிய நிக்கிறீங்க?"

"இவ அழுதா கெட்டுப் போயிரும்."

அவர் கூடையை இறக்கிப் பாதை ஓரத்தில் வைத்தார். கைகளை முந்தானையில் துடைத்தார். "எங்கிட்ட குடுங்க. நாலு புள்ள வளத்தவ. ஓடிப் போய்க் கேட்டுட்டு வாங்க."

நான் கொடுக்கவில்லை. முன்பின் தெரியாதவர். கொழுந்தில் மருந்து அடித்திருப்பார்களோ, கையில் பட்டிருக்குமோ. எஸ்தர் இன்னும் அதிகமாக அழுவாளோ. உள்ளே போகக் கதவைத் திறந்தால் அந்தச் சத்தமே மைக்கில் விழுமோ. ஒவ்வொன்றாக யோசித்தேன். அவர் கையை நீட்டியபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "சரிங்க, ஒங்க இஷ்டம்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை. கொடுத்திருக்கலாம் என்று நான் நினைத்தபோது அவர் இருபது முப்பது அடி போய்விட்டார். கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் ட்ரம்ஸ் நின்றுவிட்டது.

திரும்பிப் போனபோது பாரூக் நானா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். டேவிட் மாமா, "நாலாவது ஏத்தம் நல்லா வந்துருச்சு" என்று சொல்லி எஸ்தரை வாங்கிக்கொண்டார். அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், தொண்டையில் கை வைத்தபடி. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். வலித்தது என்று எனக்குத் தெரியும்.

ஷாமினியிடம் ஹெட்போனைக் கேட்டேன். அவர் சங்கடப்பட்டார். "மூணு பேரும் ஒண்ணா இருந்துதான் கேப்பாங்க அக்கா. அதுக்கு முன்ன யாருக்கும் போடக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்காங்க. எனக்குத் தனியா திருப்பிப் போட்டுக் கேக்கவும் விட மாட்டாங்க." அப்பா சுகமாகி வந்ததும் இதே மண்டபத்தில் கேட்பதாக முடிவு. அந்த வழக்கத்தை எனக்காக மாற்றச் சொல்ல மனம் வரவில்லை.

பிற்பகல் ஒன்றே காலுக்குக் கீழிறங்கும் பஸ் கிடைத்தது. பனி விலகி வெயில் வந்திருந்தது. அப்பா கிட்டாரில் சாய்ந்து தூங்கினார். எங்கள் வத்தளை வீட்டில் எப்போதும் பாதையின் சத்தம். ஒருவர் பேசாமல் இருந்தால் தெரிவதே இல்லை. இங்கே, மலையில், அப்பா பேசாமல் இருப்பது பஸ் முழுக்கத் தெரிந்தது. இதை நான் செவ்வாய்க்கிழமைக்கு முன்பே எழுதிவிட நினைத்தேன். அறுவை சிகிச்சையின் முடிவு தெரிந்த பிறகு எழுதினால், நான் செய்தது சரியா தவறா என்பதை அந்த முடிவைப் பார்த்துத்தான் எழுதுவேன். அன்று கதவைச் சாத்தியபோது எனக்கு எதுவும் தெரியாது.

நாலு மணிக்கு முன்பே பதுளையில் வீட்டை அடைந்தோம். அம்மா வாசலுக்கு வந்துவிட்டார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னை.

"பாடினாரா?"

"பாடினாரும்மா. ரெண்டு தடவை. நான்தான் பாடச் சொன்னேன்."

திட்டுவார் என்று நின்றேன். அம்மா எஸ்தரை என் கையிலிருந்து வாங்கினார். அப்பா உள்ளே போய் மறையும் வரை பொறுத்திருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எப்படிப் பாடினாரு?"

"ரெண்டாவது தடவைதான் நல்லாப் பாடியிருக்காரு. அதை நான் கேக்கலைம்மா."